கொழும்புக்குப் போகும் வழியில் பெய்ரூட்

அன்று அந்தத் துறைமுகப் படிக்கட்டில் ஆறு பேர் இருந்தோம்: ஐயா, அம்மா, நான், சிட்னி மெரிலேண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரான ஜோசப் அங்கிள், அவருடைய தம்பி, பெயர் தெரியாத ஒரு நாவிதர். இருந்திருக்க வேண்டியவர்கள், ஆனால் இல்லாதவர்கள்: பெரியம்மா, பெரியப்பா, எங்கள் ஊர்க் கோயில் குருக்கள், முருகன். கடைசிப் பெயரை அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் வந்துதான் நின்றவர், உன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்பார். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்றுவரை தீர்ப்பு ஆகவில்லை.

ஐயா என்று நான் சொல்வது என் தகப்பனை. யாழ்ப்பாணத்தின் வடகரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, மீசை அரும்புமுன் சரக்குக் கப்பலில் ஏறியவர். சிட்னித் துறைமுகத்தில் ஒரு சங்கிலி அறுந்து அவருடைய காலில் விழுந்தது. கப்பல் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. பிறகு எப்படியோ காகிதங்கள் சரியாகி, அம்மாவும் நாலு வயதான நானும் வந்து சேர்ந்தோம். அந்த ‘எப்படியோ’வுக்குள் ஒரு பாதிரியாரும் இரண்டு வருடக் காத்திருப்பும் அடக்கம்.

எங்கள் வீட்டில் எழுத்து என்பது என்னோடுதான் தொடங்கியது. ஐயா கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய நங்கூரம் கீறுவார். அம்மா அதுவும் கீறமாட்டார். கடிதம், மின்சாரக் கட்டணம், மருந்துப் போத்தலில் ஒட்டிய தாள் எல்லாம் நான் வாசித்த பிறகுதான் வீட்டுக்கு விளங்கும். ஆறு வயதில் தொடங்கிய உத்தியோகம். அந்த வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

சிட்னியில் எனக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அம்மாவைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் விட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றபடி அம்மா ஊர் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். பிள்ளை பிழைத்தால், அவனுக்குப் பத்து வயது ஆவதற்கு முன், ஆவணித் திருவிழாவின் தீர்த்தத்தன்று கோயிலில் மொட்டை அடித்து, நீராட்டி, சந்நிதியில் நிறுத்துவதாக வேண்டுதல். சாட்சிக்கு ஓர் ஐம்பது சதக் காசுக் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்துக்கு முன் வைத்தார். அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. மருந்து வேலை செய்கிறது என்றார் டாக்டர். அம்மா அவர் மனம் நோகாமல் தலையாட்டினார்.

அன்றிலிருந்து என் பிடரியில் ஒரு கற்றை மயிரில் கத்தரி படவில்லை. அது முருகனுடையது. நல்லவேளை, காலம் எழுபதுகள். மெரிலேண்ட்ஸ் தெருக்களில் பெரிய பையன்கள் எல்லோருக்கும் மயிர் தோளில் புரண்டது. பள்ளிக்கூடத்தில் என்னை ‘போனி’ என்று கூப்பிட்டார்கள். குதிரை வால் என்ற அர்த்தத்தில். அதைத் தவிர வேறு உபத்திரவம் இல்லை.

ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது பெரியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். ‘இந்த ஆவணி விட்டால் அவனுக்குப் பத்தாகிவிடும். நேர்த்தியை வைத்துக்கொண்டு விளையாடாதே. நாங்கள் எல்லா ஒழுங்கும் செய்கிறோம்.’ அம்மா கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஐயாவிடம் கொடுத்தார். ஐயாவும் திருப்பிப் பார்த்தார். பிறகு, “போவம்” என்றார்.

இந்தச் செய்தி வேலிக்கு மேலால் ஜோசப் அங்கிளுக்குப் போனது. அவர் லெபனான்காரர். ஐயா கப்பலில் இருந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவரைக் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ஆவணியில் அவர்களுடைய ஆட்கள் கூட்டமாகப் பெய்ரூட்டுக்குப் போகிறார்கள், கூட்டத்துக்கு மலிவு விலையில் டிக்கெட், ஒரு குடும்பம் விலகிவிட்டதால் மூன்று இருக்கை சும்மா கிடக்கிறது என்றார்.

“எங்களோட வா, கேப்டன். ரெண்டு நாள் என் ஊர்ல நில்லு. அங்கேயிருந்து கொழும்புக்கு வேற பிளேன் எடு. நோ பிராப்ளம்.”

அவருடைய ஊரின் பெயர் ஜுபைல். பள்ளிக்கூட நூலகத்தில் நான் மூன்று முறை எடுத்துத் திருப்பிக் கொடுத்த புத்தகத்தில் அந்த ஊர் இருந்தது. ஒரு குட்டித் துறைமுகம், கடலைப் பார்த்து நிற்கும் தூண்கள், குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்தும் ஒரு மனிதர். படத்துக்குக் கீழே, நாம் எழுதும் ஆங்கில எழுத்துகளின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இந்தக் கரையில் பிறந்தவை என்று போட்டிருந்தது. ஒரு ராஜாவின் கல் சவப்பெட்டியில் அந்த எழுத்துகள் வெட்டியிருந்தன. எங்கள் வீட்டில் எழுத்துக்கு முன்னோர் இல்லை. அதனாலோ என்னவோ, எழுத்தின் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குசினி மேசையில், ஐயா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உன்ரை பள்ளிக்கூட அட்லஸை எடுத்துக்கொண்டு வா. பெய்ரூட் கொழும்புக்கு இங்காலையோ, அங்காலையோ எண்டு பார்.”

நான் விரித்தேன். சிட்னி வலது பக்கத்துக் கீழ் மூலையில். அங்கிருந்து விரலை இழுத்துக்கொண்டு போனால் கொழும்பு வந்தது. பெய்ரூட் வரவில்லை. கொழும்பைத் தாண்டி, அரபிக் கடலைத் தாண்டி, பாலைவனத்தையும் தாண்டித்தான் பெய்ரூட் இருந்தது. கொழும்புக்குப் போகப் பெய்ரூட்டுக்குப் போவது, முன் வீட்டுக்குப் போகப் பக்கத்து நகரமான பரமட்டாவைச் சுற்றுவது போல.

பெருவிரலால் இலங்கையை மறைத்துக்கொண்டேன்.

“இங்காலை, ஐயா. போற வழியிலதான் கிடக்கு.”

“வடிவாப் பாத்தனியோ?”

“ஓம்.”

“பிள்ளை பாத்துத்தானே சொல்லுது” என்றார் அம்மா, வெங்காயம் உரித்தபடி. “உங்களுக்கும் எனக்கும் உதில என்ன தெரியும்?”

ஐயா என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “விரலை ஒருக்கா எடு, பாப்பம்” என்றார். எடுத்தேன். அவர் குனிந்து நீலத்தையும் மஞ்சளையும் நிதானமாகப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவருக்குப் படம் என்ன சொல்லும் என்று நான் தைரியமாக நின்றேன்.

“ஓம்” என்றார் கடைசியில். “வழியிலதான் கிடக்கு. அப்ப அப்பிடியே போவம்.”

இரண்டு பெரியவர்களை ஒரு பெருவிரலால் வென்றுவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்குப் பெருமை.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒன்றரை நாள். விமானம் முழுக்க ஜோசப் அங்கிளின் ஆட்கள். பாட்டும் சாப்பாடும் ஓயவில்லை. அம்மா மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்தார். உள்ளே கற்பூரம், சந்தனக் கட்டி, எனக்கு ஒரு புது வேட்டி, மஞ்சள் துணி முடிச்சு. “இன்னும் எவ்வளவு தூரம் தம்பி கொழும்பு?” என்று இடையில் ஒரு முறை கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஜுபைலை நான் முதலில் பார்த்தது காலை வெயிலில். போர் தொடங்குவதற்கு முந்தைய வருடம் அது. அந்த ஊருக்கு அப்போது ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஜோசப் அங்கிளின் தம்பி மீன் பிடிப்பவர். அவருடைய வீடு துறைமுகத்துக்கு மேலே இருந்தது. வாசலில் நின்றால் எல்லாமே கீழே தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூட மைதானத்தைவிடச் சிறிய துறைமுகம். அதன் வாயில் கடலைக் காவல் காப்பது போல ஓர் உடைந்த கோபுரம். உள்ளே நீலமும் சிவப்புமாகப் படகுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. இரண்டு பக்கமும் வெள்ளை மணல், குடைகள், குளிக்கும் ஆட்களின் கூச்சல். ஆனால் சத்தமெல்லாம் கரையோடு சரி. மேட்டில் தூண்கள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் கடல். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் கடலைத் துண்டு துண்டாக நிறுத்திவைத்திருந்தார்கள்.

என் வாயிலிருந்து, “புத்தகத்தில இருந்த மாதிரியே கிடக்கு” என்று வந்தது. புத்தகம் பொய் சொல்லவில்லை. அதுவரை, வாசித்தவை எல்லாம் வேறு ஓர் உலகத்தில் நடப்பவை என்றே நினைத்திருந்தேன்.

துறைமுகத்துக்கு இறங்கும்போது ஐயா முன்னால் நடந்தார். சந்து பிரியும் இடத்தில் ஜோசப் அங்கிளின் தம்பி வாயைத் திறக்குமுன், “இடப்பக்கம் போ, படி கிடக்கும்” என்றார் என்னிடம். போனேன், படி இருந்தது. கப்பல்காரர்களுக்கு எல்லாத் துறைமுகமும் ஒன்றுதான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்டில் இருந்த இடிபாடுகளுக்கு உள்ளே போக டிக்கெட் வாங்கினோம். கோட்டை ஒன்று இருந்தது. அதன் சுவரில், ரோமர்களின் தூண்களைப் பிடுங்கிக் கிடையாகச் செருகிக் கட்டியிருந்தார்கள். வட்ட வட்ட முனைகள் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தன. கோட்டைக்குப் பின்னால் ரோமர், அவர்களுக்குக் கீழே கிரேக்கர், அவர்களுக்கும் கீழே பெயர் வாயில் நுழையாத ராஜாக்கள். எல்லாரும் ஒரே நிலத்தில், ஒருவர் தலையில் ஒருவர் கால் வைத்து. அங்கங்கே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அரபியிலும் எழுதிய பலகைகள்.

முதல் பலகைக்கு முன்னால் ஐயா நின்றார். “வாசி” என்றார்.

வாசித்தேன். “தமிழில சொல்லு.” சொன்னேன். தெரியாத சொற்களுக்குப் பக்கத்துச் சொல்லைப் போட்டேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போய் நின்றார். “வாசி.” மத்தியான வெயில் தலையைப் பிளந்தது. கடற்கரையிலிருந்து பந்தடிக்கும் சத்தம் வந்தது. அம்மா ஒரு மர நிழலில் இருந்துவிட்டார். ஐயா ஒரு பலகையையும் விடவில்லை. சில பலகைகளை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, புராணப் படிப்புக் கேட்பவர் போல நின்றார். என் ஆங்கிலத்தைப் பரீட்சை வைக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

ராஜாவின் கல்லறைக்கு நான்தான் ஓடினேன். அது ஒரு குழி. கிணறு போல நேரே இறங்கிய, ஆழமான, சதுரக் குழி. எட்டிப் பார்த்தேன். அடியில் இருட்டும் ஒரு கல்லும் மட்டும். பலகையை வாசித்தேன். எழுத்து வெட்டிய சவப்பெட்டியைப் பெய்ரூட் நூதனசாலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

“என்ன போட்டிருக்கு?”

“எழுத்து இஞ்சை இல்லையாம்” என்றேன். அழுகை வந்தது. இலங்கையையே மறைத்துவிட்டு வந்தவன் நான்.

ஐயா குழியின் விளிம்பில் குந்தினார். வெகுநேரம் உள்ளே பார்த்தார். “இவ்வளவு ஆழத்தில கொண்டுபோய் எழுதி வைச்சவன், ஆரோ ஒருத்தன் வாசிப்பான் எண்டுதானே வைச்சிருப்பான்” என்றார். பிறகு என் தலையைத் தடவினார். அவர் அப்படித் தடவுகிறவர் அல்ல.

திரும்பும் வழியில், கடைத்தெருவில் ஒருவர் கல்லை விற்றுக்கொண்டிருந்தார். தட்டையான வெள்ளைக் கல். அதற்குள் ஒரு மீன். வரைந்தது அல்ல. எலும்பு, செட்டை, கண்ணிருந்த குழி எல்லாம் கல்லாகிப் படிந்திருந்தன. மலையில் வெட்டி எடுத்ததாம். மலை ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். ஐயா அதைக் கையில் வாங்கி வாலிலிருந்து தலைவரை விரலால் தடவினார். “சூடை மாதிரிக் கிடக்கு” என்றார் மெதுவாக. “ஆனா சூடை இல்லை.” மீனைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாமல் அவர் நின்றதை நான் முதல்முறையாக அன்றுதான் கண்டேன்.

மூன்றாம் நாள் பெய்ரூட்டில் விமானக் கம்பெனிக் காரியாலயத்துக்குப் போனோம். மாலை எங்களுக்குக் கொழும்பு விமானம். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், ஒரு தாளைப் பார்த்தாள், மறுபடியும் டிக்கெட்டைப் பார்த்தாள். எங்கள் இருக்கைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பெய்ரூட்டில் இறங்கிய அன்றே வந்து, வருகிறோம் என்று மறுபடி உறுதி சொல்லியிருக்க வேண்டுமாம். டிக்கெட்டின் உள்ளே அச்சடித்திருந்ததை விரலால் காட்டினாள். அடுத்த விமானம் நாலு நாள் கழித்து. அதற்கும் மேலதிகமாகக் கட்ட வேண்டும்.

நாலு நாள் கழித்தால் தீர்த்தம் முடிந்துவிடும்.

வெளியே நடைபாதையில் அம்மா என்னைப் பார்த்தார். “உதில எழுதிக் கிடந்ததோ?”

“ஓம்.”

“நீ வாசிக்கேல்லையோ?”

நான் வாசிக்கவில்லை. நான் தூண்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ராஜாக்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட்டை வாசிக்கவில்லை. அம்மா ஜுபைல் போகும்வரை கைப்பையில் இருந்த மஞ்சள் முடிச்சை விரலால் உருட்டிக்கொண்டே வந்தார். ஐப்பசியில் எனக்குப் பத்து. அதோடு முருகன் என்னைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று எனக்கு அந்தக் காரில் நிச்சயமாகிவிட்டது. அம்மாவும் அதைத்தான் நினைக்கிறார் என்பது இன்னும் பயமாக இருந்தது.

மூன்று நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஜோசப் அங்கிளின் தம்பி பெண்சாதி தட்டை நீட்டுவார், அம்மா ஒரு வாய் எடுத்துக் கும்பிடுவார். நான் கடற்கரைக்குப் போகவில்லை. வாசலில் இருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இருமிப் பார்த்தேன், நெஞ்சுச் சளி வருகிறதா என்று.

தீர்த்தத்தன்று காலை அம்மா குளித்து, தலைமுடிந்து, கைப்பையோடு வந்து நின்றார்.

“இஞ்சை மயிர் வெட்டுற ஆள் ஒருத்தரும் இல்லையோ?” என்று ஐயாவிடம் கேட்டார்.

“என்னத்துக்கு?”

“உது கடல்தானே? உந்தத் தண்ணி தானே அங்கயும் கிடக்கு? நீங்கள் தானே சொல்லுவியள், கடலுக்கு வேலி இல்லை எண்டு.”

“கடல் சரி. சாமிக்கு என்ன செய்யிறது?”

“அதை நான் பாத்து வைச்சிட்டன்” என்றார் அம்மா.

நாவிதரை ஜோசப் அங்கிள் துறைமுகப் படிக்குக் கூட்டிவந்தார். கனத்த மீசைக்காரர். என் பிடரிக் கற்றையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். படகில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பேன் என்று கேட்கிறார் என்றார் ஜோசப் அங்கிள். அம்மா விடவில்லை. “பேன் இல்லை எண்டு சொல்லுங்கோ! நேர்த்தி எண்டு சொல்லுங்கோ!” ஐயா கப்பல் ஆங்கிலத்தில் சொன்னார்: பையனுக்குச் சாகக் கிடக்கும் வருத்தம் வந்தது, தாய் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தாள்.

ஜோசப் அங்கிள் நேர்த்திக்கு அரபியில் உள்ள சொல்லைச் சொன்னார். “நத்ர்.” நாவிதரின் சிரிப்பு அப்படியே நின்றது. கத்தியைத் துணியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். தானும் சின்ன வயதில் பிழைத்த பிள்ளைதானாம். தன் தாயும் வாக்குக் கொடுத்து, ஒரு வருடம் முழுக்கத் துறவியின் கறுப்பு அங்கியைப் போட்டுத் தன்னைத் தெருவில் விட்டாளாம். மற்றப் பிள்ளைகள் கல்லெறிந்தார்களாம்.

“என்னை போனி எண்டு கூப்பிடுறவங்கள்” என்றேன் ஆங்கிலத்தில். அவருக்கு மொழிபெயர்த்தார்கள். அவர் என் தோளில் தட்டினார்.

கத்தி ஓடியது. முதலில் கற்றை விழுந்தது. அம்மா அதை மஞ்சள் பூசிய இலைக்குப் பதில், ஜோசப் அங்கிளின் தம்பி கொடுத்த அரபிப் பத்திரிகையில் ஏந்திக் கடலில் விட்டார். நெற்றியில் ஒரு குடுமி விட்டு, கன வடிவாக இருக்கிறது என்று நாவிதர் தன் வேலையை எட்ட நின்று ரசித்தார். “முழுக்க, முழுக்க!” என்று அம்மா காற்றில் சிரைத்துக் காட்டினார். அதையும் எடுத்தார். காசுக்கு ஐயா பையில் கை விட்டபோது அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

பிறகு ஐயா என்னைத் தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போனார். படகுகளுக்கு நடுவில், இடுப்பளவு ஆழத்தில், என் வெறும் மண்டையில் வெயில் கொட்டியது. எனக்கு அங்கே தாங்கவில்லை. கடவுளுக்கு முன்னால் போகுமுன் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

“ஐயா, பெய்ரூட் போற வழியில—”

“மூச்சை அடக்கு” என்று தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

எழுந்தேன். “ஐயா, அட்லஸில நான்—”

மறுபடி அமுக்கினார்.

“கொழும்பு முதல்—”

மூன்றாம் முறை. மூன்று முழுக்கும் முடிந்தது. உப்பு மூக்கில் ஏறி இருமினேன். “சரி, எல்லாம் கழுவியாச்சு” என்றார் ஐயா. “வா.”

புது வேட்டியோடும் சொட்டும் தண்ணீரோடும் இடிபாட்டு வாசலில் போய் நின்றோம். மறுபடியும் டிக்கெட். அம்மா நேரே நடந்தார். எங்கே போகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. முதல் நாள் அவர் இருந்த மர நிழலுக்கு எதிரே ஒரு பழைய கோயிலின் தரை இருந்தது. கூரை இல்லை, சுவர் முழங்கால் அளவு. அந்தத் தரை நிறையக் கற்கள். சின்னதும் பெரியதுமாக, மேலே ஒடுங்கிய, நட்டுவைத்த கற்கள். சில என் உயரம், சில ஒரு சாண். நாலாயிரம் வருடத்துக்கு முன் யாரோ யாரோ, எதையோ எதையோ வேண்டிக்கொண்டு நட்டவை என்று நான்தான் பலகையில் வாசித்திருந்தேன். நான் வாசித்தது மரத்தடிவரை கேட்டிருக்கிறது.

“எல்லாம் நேர்த்திக் கல்லுத்தானே” என்றார் அம்மா. “இத்தனை பேர் வாக்குக் குடுத்து வாக்குத் தீர்த்த இடம். இதைவிடச் சாமிக்கு என்ன வேணும்?”

என்னைக் கற்களுக்கு முன்னால் நிறுத்தினார். கற்பூரத்தை எடுத்தார். விசில் பறந்தது. காவலாளி கைகளை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். நெருப்பு கூடாது, தொடக்கூடாது, கயிற்றைத் தாண்டக்கூடாது. அம்மா கற்பூரத்தைப் பையில் வைத்தார். கையை மட்டும் கூப்பினார். காவலாளிக்குக் கை கூப்புவதைத் தடுக்கும் சட்டம் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கடலிலிருந்து காற்று வந்தது. மொட்டைத் தலையில் காற்றுப் படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தக் கற்கள் எல்லாம் எழுந்து நிற்கும் மனிதர்கள் போல, என்னோடு வரிசையில் காத்து நிற்பவர்கள் போல இருந்தன. எழுத்துப் பிறப்பதற்கும் முன்னால் நட்டவையாம். எழுதத் தெரியாதவர்கள். சொல்ல இருந்ததை ஒரு கல்லாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு இப்போது தோன்றும் வாக்கியம் இது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: நான் சாகமாட்டேன்.

போகும்போது அம்மா குனிந்து, மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, ஐம்பது சதத்தைக் கயிற்றுக்கு அப்பால் ஒரு சின்னக் கல்லின் அடியில் மெல்ல உருட்டிவிட்டார். வாசலை நாங்கள் தாண்டும்போது பின்னால் மறுபடி விசில். காவலாளி மூச்சு வாங்க ஓடிவந்து, “மதாம்! மதாம்!” என்று, விழுந்த காசை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அம்மா கையை விரித்துப் பார்த்தார். அந்த நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். “மயிரை எடுத்துக்கொண்டார், காசை வேண்டாம் எண்டிட்டார். காசு ஊருக்கே வரட்டுமாம்.”

அப்படியே ஆனது. மறுநாள் விமானம் ஏறினோம். பெரியம்மா என் மொட்டையைப் பார்த்து ஒப்பாரி வைக்காத குறை. அம்மா ஊர்க் கோயில் உண்டியலில் காசைப் போட்டுவிட்டு, நடந்ததைக் குருக்களிடம் சொன்னார். குருக்கள் நெடுநேரம் யோசித்துவிட்டு, விபூதியை என் தலை முழுவதும் பூசிவிட்டார்.

சிட்னிக்குத் திரும்பியபின் ஐயா தான் வேலை செய்த தொழிற்சாலைக்குச் சனிக்கிழமைகளிலும் போகத் தொடங்கினார். சனிக்கிழமைதான் எங்கள் பள்ளிக்கூடக் காற்பந்து. மற்றப் பையன்களின் தகப்பன்மார் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்கள். என் தகப்பனுக்கு வேலைதான் பெரிது என்று நான் இரண்டு பருவம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம், அவருடைய ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். இந்த வீட்டின் எழுத்து உத்தியோகம் இன்னும் என்னிடம்தான். எங்கெங்கே வேலை செய்தார் என்று கேட்டிருந்தார்கள். தகரப் பெட்டியிலிருந்து தன் பழைய கப்பல் புத்தகத்தை எடுத்துத் தந்தார். துறைமுக முத்திரைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். கொழும்பு, ஏடன், சுயெஸ், போர்ட் சயிட், பெய்ரூட். மறுபக்கம் திருப்பினேன். கொழும்பு, ஏடன், சுயெஸ், போர்ட் சயிட், பெய்ரூட். மூன்றாம் முறையும் அதே வரிசை. கொழும்பு முதல், பெய்ரூட் கடைசி.

நான் நிமிர்ந்தேன். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜுபைலுக்கும் போயிருக்கிறியளோ, ஐயா?”

“ஓம். கப்பல் சாமான் இறக்க ஒரு கிழமை நிண்டது. கூட வேலை செய்த பெடியன் கூட்டிக்கொண்டு போனவன். கல்லுகளைப் பாத்தன். பலகையளும் அப்பவே கிடந்தது. என்னெண்டு சொல்லத்தான் ஆளில்லை” என்றார். “நீ எழுது, எழுது.”

எழுதினேன். எழுதி முடித்தபின், அதே தகரப் பெட்டியில் ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்த அந்தப் பயணத்தின் ரசீதுகளை எடுத்துக் கூட்டினேன். நேரே கொழும்புக்குப் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவைக் கழித்தேன். நாவிதர் காசு வாங்கவில்லை. ஐம்பது சதம் ஊருக்கென்று முடிந்தது, ஊருக்கே போனது. அவை போக, அந்தப் பலகைகளை நான் வாசிக்கக் கேட்பதற்கு அவருக்கு ஆன செலவு முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர். அந்த நாளைய அரைநாள் கூலியில் இருபத்தாறு சனிக்கிழமைகள்.